பெரிய திருவடியும் பெரியவுடையாரும்

ஸ்ரீவைஷ்ணவ வழக்கில் கருடன் பெரிய திருவடி, ஜடாயு பெரியவுடையார். வினதையின் மக்கள் அருணனும் கருடனும். அருணனுடைய மக்கள் ஸம்பாதியும் ஜடாயுவும். ஆகவே ஜடாயுவுக்குக் கருடன் சிறிய தந்தை முறை. உறவு இவ்வளவு நெருங்கியதாயினும் இருவரும் ஓரினப் பறவையர் அல்லர்.

நம் நாட்டில் கருடன் என்று கைகூப்பித் தொழப்படுவது செம்பருந்து. வெண்ணிறத் தலையும் மார்பும், செங்காவி நிறச் சிறகும் உடையது. நீர்நிலைகளை அடுத்து மீனும் நண்டும் பற்றி உண்பது. ஜடாயுவை வான்மீகி குறிக்கும் சொல்லோ க்ருத்ரம். அது பிணந்தின்னும் பறவை, பழந்தமிழில் எருவை. கிஷ்கிந்தா காண்டத்தில் ஸம்பாதி பறவைகளின் வான்வழிகளை அடுக்குமிடத்து, சியேனங்களுக்கு நான்காம் வழியும் க்ருத்ரங்களுக்கு ஐந்தாம் வழியும் வகுத்து, அன்னங்களுக்கும் மேலே வைநதேயன் கதியை வைக்கிறான். தன் குலத்தார் ஊனுண்பது இழிவென்று அவனே நொந்துரைக்கிறான். நூறு யோசனைக்கு அப்பாலும் காணும் கண்வன்மை அவ்வுணவாலும் பிறவியியல்பாலும் வந்தது என்பதும் அவன் வாக்கே.

இக்காலத்தார் கழுகு என்னும் பொதுச்சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கி, ஓவியத்தில் ஜடாயுவுக்குப் பருந்தின் மிடுக்கைத் தந்துவிடுகின்றனர். சிறிய பிழை போலத் தோன்றும். ஆயின் ஸம்ப்ரதாய வரலாற்றில் ஒரு பெருவாதத்தின் உயிர்நிலை இங்கேதான் உள்ளது.

ஆளவந்தார் திருவடி ஸம்பந்தமுடைய மாறனேரி நம்பி, தாழ்ந்ததென்று உலகம் எண்ணிய குலத்தில் அவதரித்தவர். அவர் பரமபதித்தபோது பெரிய நம்பி ப்ரஹ்மமேத ஸம்ஸ்காரம் செய்தருளினார். ஊரார் வெகுண்டனர். எம்பெருமானார் வினவியருள, பெருமாள் பெரியவுடையாருக்குச் செய்ததையே அவர் எடுத்துக்காட்டினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறும். பெருமாளினும் தாம் உயர்ந்தவரோ, அப்பறவையினும் நம்பி தாழ்ந்தவரோ என்பது அவ்விடையின் கருத்து. ஜடாயு தொழத்தக்க செம்பருந்தாயிருந்தால் இவ்வினாவுக்குக் கூர்மை ஏது? தயரதனுக்குத் தன் கையால் செய்ய வாய்க்காத கடனை, பிணந்தின்னும் குலத்துப் பறவைக்கு இராமன் செய்தான் என்பதில்தான் வாதம் நிற்கிறது. (செம்பருந்தும் கடற்றுறைகளில் செத்த மீனைப் பொறுக்கித் தின்னும், உயர்வும் இழிவும் நாம் கற்பித்தவை.)

திருப்புட்குழியும் திருப்புள்ளம்பூதங்குடியும் திருமங்கையாழ்வார் மங்களாசாஸனம் பெற்ற ஜடாயு தலங்கள். அவன் இனமோ, மாடுகளுக்கு இடப்பட்ட டைக்ளோஃபினாக் மருந்தின் எச்சத்தால் 1990களில் நாடெங்கும் மடிந்தது. அம்மருந்தைக் கால்நடைகளுக்கு வழங்குவது 2006இல் தடுக்கப்பட்டது. தமிழகத்தில் இன்று எஞ்சியுள்ள வெண்முதுகுப் பாறுகள் பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே கூடு கட்டுகின்றன.