வகுப்பறைச் சாதனங்களும் இணைய நூற்பொருள்களும்: பொறுப்புள்ள பிரயோகம்

பள்ளிக்கூட வகுப்பறையில் கணிப்பொறி, ஒளித்திரை, செல்பேசி முதலிய சாதனங்களையும், இணையத்தின் வழியே கிடைக்கும் நூல், படம், ஒலி, காணொளி ஆகியவற்றையும் போதனைக்குப் பயன்படுத்துங்கால், அவற்றை ஆக்கியோரின் உரிமைக்கும், கற்கும் குழந்தையின் நலத்திற்கும், கற்பிக்கப்படும் விஷயத்தின் மெய்ம்மைக்கும் ஊறு நேராதவாறு ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்கு இங்கே விவரிக்கப்படுகிறது. மதுரைக்குத் தென்மேற்கே, கன்னியாகுமரி நெடுஞ்சாலையிலிருந்து கொல்லம் சாலை பிரியும் இடத்தில் அமைந்த நகராட்சியாகிய திருமங்கலம், மதுரை மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் இருப்பிடமாதலால், இவ்வொழுங்கை அவ்வட்டாரத்தை முன்னிட்டு ஆராய்தல் பொருத்தமுடையது. சாதனம் எதுவாயினும் அதனை வகுப்பிற்குள் கொண்டுவந்தவர் ஆசிரியரே ஆகையால், அதன் விளைவிற்கு முதற்பொறுப்பும் அவருடையதே. இப்பொறுப்பைச் சாதனத்தின்மீதோ, அதை வழங்கிய சர்க்காரின்மீதோ ஏற்றிவிடுதல் நியாயமாகாது.

பண்டைச் சாதனங்கள்: தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிக்கூடத்தின் சாதனங்கள் மணலும், பனையோலையும், எழுத்தாணியும், எண்சுவடியுமேயாம். பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகிய பிள்ளை, கை திருந்திய பின்னரே ஓலையைத் தொட்டான்; மணலில் எழுதிய பிழையை அழித்துவிடலாம், ஓலையில் கீறிய பிழை நிலைத்துவிடும் என்பதை உபாத்தியாயர் அறிந்திருந்தார். ஏடு பெயர்த்தெழுதுதல் அக்காலத்தில் குற்றமாகாததோடு, நூல்கள் அழியாமற் காக்கும் புண்ணிய காரியமாகவும் இருந்தது. ஆயினும் எழுதியவர் சுவடியின் ஈற்றில் தம் பெயரையும், எழுதி முடித்த நாளையும் குறித்து, நேர்ந்த பிழைகளைப் பொறுத்தருளுமாறு வேண்டிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இருந்தமையால், நூல் ஒருவருடையது, பிரதி மற்றொருவருடையது, பிழை உளதாயின் அது பிரதி செய்தவருடையது என்னும் பாகுபாடு தெளிவாக விளங்கிற்று. இன்று இணையத்திலிருந்து ஒன்றை எடுத்து வகுப்பில் வைக்கும் ஆசிரியர் கைக்கொள்ள வேண்டிய நெறியும் பெரும்பாலும் இதுவே.

திண்ணைப் பள்ளியின் முறை அயல்நாட்டிற்குச் சென்ற வரலாறு இவ்விஷயத்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் மேற்பார்வையை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியிற் புகுத்த முற்பட்டபொழுது, உதவி ஆசிரியர்கள் உடன்படாமையால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டே இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்தார். இங்கிலாந்து திரும்பிய பின் 1797 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட அறிக்கையைத் தொடர்ந்து இம்முறை மதராஸ் முறை என்னும் பெயரால் ஐரோப்பாவிற் புகழ்பெற்றது. மணலில் எழுதுவிக்கும் வழக்கம் தாம் கண்டது என்பதைப் பெல் மறைத்தாரல்லர். ஆயினும் மாணாக்கனைக் கொண்டு மாணாக்கனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை ஏற்பாடு நம் திண்ணைகளில் நெடுங்காலமாக வேரூன்றியிருந்ததாகலின், அதனைக் கண்டறிந்த பெருமை திண்ணைப் பள்ளிக்கே உரியது. பெல்லின் பெயரும், இதையொத்த முறையை இங்கிலாந்தில் நடத்தி அவருடன் போட்டியிட்ட ஜோசப் லங்காஸ்டரின் பெயரும் கல்வி வரலாற்றில் நிலைக்க, வழிகாட்டிய உபாத்தியாயரின் பெயர் ஓரிடத்தும் பதிவாகாமற் போயிற்று. மூலத்தைக் குறிக்கத் தவறுவதால் ஒரு சமூகம் எவ்வளவு இழக்கும் என்பதற்கு இதனினும் மேலான உதாரணம் கிடைப்பது அரிது.

இதற்கு நேர்மாறாக விளங்கியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த தமிழ்ப் பதிப்புப் பணி. உ. வே. சாமிநாதையர் 1887 ஆம் ஆண்டிற் சீவக சிந்தாமணியை அச்சிட்டதுமுதல், தாம் ஒப்புநோக்கிய ஏட்டுப் பிரதிகள் எவ்வூரில் எவரிடமிருந்து கிடைத்தன என்பதை முகவுரைகளில் நன்றியுடன் குறித்துவந்தார். 1901 ஆம் ஆண்டில் பாண்டித்துரைத் தேவரின் முயற்சியால் மதுரையில் தோன்றிய தமிழ்ச் சங்கமும், அதன் செந்தமிழ்ப் பத்திரிகையும் இம்மரபை வளர்த்தன. ஏடு தந்தவரையும், பாடம் காட்டியவரையும் பெயர் சொல்லி வணங்கிய பின்னரே நூலைத் தொடங்குதல் என்னும் இவ்வழக்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எடுத்துரைத்தல், எந்தச் சட்டப் பிரிவை எடுத்துரைப்பதைக் காட்டிலும் பயன்தரும் என்பது என் அபிப்பிராயம்.

வானொலியும் தக்ளியும்: சென்னையில் 1924 ஆம் ஆண்டில் தோன்றிய வானொலிக் கழகத்தின் பணியை 1930 ஆம் ஆண்டில் நகராண்மைக் கழகம் ஏற்று நடத்தியபொழுது, பள்ளிப் பிள்ளைகளுக்கென இசைப்பாடமும் கதையும் மாலை வேளைகளில் ஒலிபரப்பப்பட்டன, 1938 ஜூன் 16 ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. மின்சாதனம் வாயிலாகக் குரல் ஒன்று வகுப்பிற்குட் புகுந்து, ஆசிரியரும் பிள்ளைகளுடன் அமர்ந்து கேட்பவராக மாறிய தொடக்ககால நிகழ்ச்சிகளுள் இவ்வொலிபரப்பும் ஒன்றாகும். இதே காலத்தில், 1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய மாநாட்டின் பயனாக உருவான, கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்வி, நூல் நூற்கும் கைக்கதிராகிய தக்ளியையும் மண்வெட்டியையும் போதனைக் கருவிகளாக்கிற்று. திருமங்கலத்திலிருந்து இராசபாளையம் செல்லும் சாலையிலுள்ள தே. கல்லுப்பட்டியில் கோ. வேங்கடாசலபதி 1940 ஆம் ஆண்டில் நிறுவிய காந்திநிகேதன் ஆசிரமம் இக்கல்வியின் சிறந்த நிலையங்களுள் ஒன்று. காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா தம் இறுதி ஆண்டுகளை அங்கே கழித்தார். கருவியை ஏற்குமுன் அது யாருக்கு இலாபம் தருகிறது, அதைக் கையாளுபவனின் அறிவையும் கைத்திறனையும் வளர்க்கிறதா அல்லது குன்றச் செய்கிறதா என்று வினவும் குமரப்பாவின் நோக்கு, இக்காலக் கணித்திரைக்கும் அப்படியே பொருந்தும். ஆதாரக் கல்வியைப் பழமைவாதம் எனத் தள்ளியோர் இவ்வினாவிற்கு விடை கூறினாரல்லர்.

மதுரைத் திட்டம்: இணையத்தில் தமிழ் நூற்பொருள் வகுப்பறைக்கு எளிதிற் கிடைக்கத் தொடங்கியதற்குப் பெருங்காரணமாயிருந்தது, 1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் வாழும் வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோரின் முன்முயற்சியால், சங்கம் வளர்த்த நகரின் பெயர் தாங்கி எழுந்த இத்திட்டத்தில், உலகெங்குமுள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றி நூல்களைத் தட்டச்சு செய்தும், பிழைதிருத்தியும் மின்னூலாக்கினர். தொடக்கத்தில் தனி எழுத்துருக்களிலும், பின்னர்த் திஸ்கி என்னும் குறியேற்ற முறையிலும், அதன்பின் ஒருங்குறியிலும் அவை வெளிவந்தன. ஒவ்வொரு மின்னூலின் முகப்பிலும் மூலப் பதிப்பும், உள்ளிட்டவர், மெய்ப்பு நோக்கியவர் பெயர்களும் காணப்படும். அம்முகப்புப் பக்கத்தைச் சிதைக்காமல் எவரும் தடையின்றி வழங்கலாம் என்பது நிபந்தனை. பொருளாக ஒன்றையும் கேளாத அவ்வுழைப்பாளர் வேண்டிய கைம்மாறு இவ்வளவே. இருந்தும், பாடலை மட்டும் நகலெடுத்து முகப்பை வெட்டியெறிந்து வகுப்புத் தாளில் ஒட்டும் பழக்கம் பல பள்ளிகளில் வேரூன்றிவிட்டது வருந்தத்தக்கது. தாளின் அடியில் ஒருவரி சேர்ப்பதற்கு ஆகும் நேரம் அற்பம். அதனால் பிள்ளை கற்கும் பண்போ பெரிது.

உரிமைச் சட்டம்: 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி இந்தியாவில் ஆசிரியர் ஒருவர் வாழ்நாளிலும், அவர் இறந்தபின் 60 ஆண்டுகளும் நூலுரிமை நிலவும். திருக்குறளின் மூலம் எவர்க்கும் பொது. அதற்கு அண்மையில் எழுதப்பெற்ற உரை பொதுவன்று. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949 ஆம் ஆண்டில் சென்னை சர்க்கார் ஏற்று, பின்னர் மக்களுக்கு உரியதாக்கியதிலிருந்து, தமிழறிஞர் நூல்களை நாட்டுடைமையாக்கி வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை வழங்கும் வழக்கம் தமிழ்நாட்டில் நிலைபெற்றது. இவ்வாறு நாட்டுடைமையான நூல்களுட் பல, 2001 ஆம் ஆண்டில் தொடக்கம் பெற்ற தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தின், அதாவது இப்போதைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின், மின்னூலகத்திற் படிக்கக் கிடைக்கின்றன. உரிமை நிலவும் நூல்களைப் பொறுத்தவரை, ஆசிரியரோ மாணாக்கரோ போதனையின் பொருட்டுப் பிரதி செய்தல் உரிமை மீறலாகாது என்று அச்சட்டத்தின் 52 ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் கூடியிருக்கும் பள்ளி நிகழ்ச்சியில் நாடகமோ இசையோ நிகழ்த்துவதற்கும் விலக்கு உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் நகற்கடையொன்று பாடப்பகுதிகளைத் தொகுத்து விற்றதை எதிர்த்து ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் முதலிய பெரும் பதிப்பகங்கள் 2012 ஆம் ஆண்டில் தொடுத்த வழக்கில், தில்லி உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 16 ஆம் நாள் அவற்றின் கோரிக்கையை நிராகரித்தது. அதே ஆண்டு டிசம்பரில் இருவர் அமர்வு, போதனைக்குத் தேவையான அளவே இவ்விலக்கின் அளவுகோல் எனக் கொண்டது. மறு ஆண்டிற் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. கல்லூரியின் நகல்தாளுக்குக் கூறிய இந்நியாயம் பள்ளியின் ஒளித்திரைக்கும் பொருந்தும் எனக் கொள்வதே முறை. ஆயினும், வகுப்பிற்கென எடுத்த பகுதியை யூடியூபிலோ, ஊர் முழுவதும் அடங்கிய வாட்ஸ்அப் குழுவிலோ ஏற்றுவது போதனையாகாது. ஒரு பதிப்பகத்தின் கையேட்டை முழுதும் ஒளிவருடிப் பிடிஎஃப் கோப்பாகச் சுற்றுக்கு விடுவதும் அவ்வாறே.

குழந்தையின் நலம்: நோய்த்தொற்றுக் காலத்தில், 2020 ஜூலையில் மத்திய கல்வித்துறை வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டு நெறிகள், 1 முதல் 8 ஆம் வகுப்பு வரை நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடங்கள் கொண்ட இரண்டு அமர்வுகளும், 9 முதல் 12 ஆம் வகுப்பு வரை நான்கு அமர்வுகளுமே உச்ச வரம்பு எனப் பரிந்துரைத்தன. 2023 ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரின் தகவலைப் பெறப் பெற்றோரின் சம்மதத்தை வேண்டுவதோடு, குழந்தையின் நடத்தையைக் கண்காணித்தலையும், அதனை இலக்காக வைத்து விளம்பரம் செய்தலையும் தடுக்கிறது. பள்ளிகளுக்குச் சில விலக்குகளுடன் அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. எனினும் இலவசச் செயலி என்று வரும் எதனையும், அது பிள்ளையின் பெயரையும் செல்பேசி எண்ணையும் எதற்காகக் கேட்கிறது என்று விசாரியாமல் வகுப்பிற் சேர்த்தல் ஆகாது. மதிப்பெண் பட்டியலையும், பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களையும் பெற்றோர் சம்மதமின்றிப் பொதுக்குழுக்களில் இடுதலும், நல்லெண்ணத்தாற் செய்யப்படுவதாயினும், தவிர்க்க வேண்டியதே.

ஆசிரியர் பயிற்சி: 1986 ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்டந்தோறும் எழுந்த பயிற்சி நிறுவனங்களுள் ஒன்றே திருமங்கலத்தில் உள்ளது. 2017 ஆம் ஆண்டுக் கோடையில் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் தமிழ் விக்கிப்பீடியருடன் கூடி, மாவட்டப் பயிற்சி நிறுவனங்களின் வழியாக அரசுப்பள்ளி ஆசிரியர்களுக்குக் கலைக்களஞ்சியக் கட்டுரை எழுதும் பயிற்சியை அளித்தது. அதுவரை இணையத்திலிருந்து எடுப்பவராக மட்டும் இருந்த ஆசிரியர், அதற்குக் கொடுப்பவராகவும் ஆனமையே இதன் சிறப்பு. பிற நூலிலிருந்து வரிக்கு வரி பெயர்த்த கட்டுரையை விக்கிப்பீடியா ஏற்காது நீக்கிவிடும். சொந்த வாக்கியத்தில் எழுதிச் சான்று காட்டவேண்டும். தாம் எழுதிய கட்டுரை நீக்கப்படக் கண்ட ஆசிரியரே, பிள்ளை நகலெடுத்த ஒப்படைப்பைக் கையில் வாங்கும்போது எதைக் கேட்கவேண்டும் என்பதை நன்கு அறிவார்.

தற்கால நிலை: 2011 செப்டம்பர் 15 முதல் சில ஆண்டுகள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்க்கு மடிக்கணினி, 2018-19 முதல் பாடநூல்களில் கியூஆர் குறியீடு, 2019 ஆகஸ்டு 26 முதல் கல்வித் தொலைக்காட்சி, 2023 முதல் மணற்கேணி செயலி எனச் சாதனங்கள் அடுத்தடுத்து வந்துள்ளன, உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களும் திறன்பலகைகளும் பரவிவருகின்றன. செயற்கை நுண்ணறிவால் விடை எழுதும் கருவிகளைப் பள்ளியிற் கையாளுவதற்கு 13 வயதைக் கீழெல்லையாகக் கொள்ளுமாறு 2023 செப்டம்பரில் யுனெஸ்கோ ஆலோசனை கூறியுள்ளது. அவ்வெல்லையின்படி ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுட் பெரும்பாலோர் அவற்றைத் தாமே இயக்கும் வயதினர் அல்லர். ஆசிரியர் தம் கையால் இயக்கி, வந்த விடையைப் பாடநூலோடு ஒப்பிட்டுக் காட்டுவதே அவ்வகுப்புகளுக்கு உரிய முறை.