புற்றுநோய் அறுவைக்குப் பின் சர்க்கரை நோயாளிக்கு என்ன உணவு?

கொல்லிமலைச் சாமையும் கேழ்வரகும் சர்க்கரை நோயாளிக்கு ஏற்றவை என்று விரும்பி வாங்குகிறோம். நாமக்கல் மாவட்டத்தின் அம்மலைவாழ் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிரிடும் தானியங்கள் அவை, நார்ச்சத்து மிக்கவை. ஆனால் புற்றுநோய் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவருக்கு, சர்க்கரை ஏறிவிடும் என்ற பயத்தில் கஞ்சியை மட்டுமே கொடுத்தால் காயம் ஆறுவது தாமதமாகும்.

காயம் ஆற முக்கியத் தேவை புரதம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை என்பது மருத்துவ வழிகாட்டுதல். 50 கிலோ எடையுள்ளவருக்கு 60 முதல் 75 கிராம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகு மாவில் இருப்பதோ சுமார் 7 கிராம்தான். ஆகவே முட்டை, மீன், கோழி, தயிர், பருப்பு ஆகியவற்றையும் சேர்த்து, சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை கொடுப்போம். வயிறு, குடலில் அறுவை நடந்தவருக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் மருத்துவர் சொல்லும் அளவே சரி.

சர்க்கரை மிகுந்தால் காயத்தில் கிருமித் தொற்று வரும் வாய்ப்பு கூடும். அதற்காகப் பட்டினி போடுவதும் ஆபத்தே. சாப்பாடு குறைந்த நிலையில் பழைய அளவிலேயே மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். வியர்வை, நடுக்கம் கண்டால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

ரமளான் வந்துவிட்டால் நோன்பை விட மனம் வராத பெரியவர்கள் நம் வீடுகளில் உண்டு. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. குணமான பின் களாச் செய்யலாம் என்பதை அவர்களுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்வோம். உடம்பும் அமானிதமே.