சூரிய வெப்பக் கட்டடக்கலை (சித்தூர் – திருப்பதி வட்டாரம்)

சூரிய கிரணங்களின் உஷ்ணத்தைத் தடுத்தோ, அதனையே ஏற்று வேலை வாங்கியோ, எரிபொருட் செலவைக் குறைக்கும் நிர்மாண முறை. இங்குக் கூறப்படுவது, 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்படும்வரை திருப்பதியையும் உள்ளடக்கியிருந்த பழைய சித்தூர் மாவட்டம் பற்றியது.

விஜயநகர அரசர் காலத்துச் சந்திரகிரி ராஜமஹால், மரம் கலவாமல் கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றாலேயே எழுந்த மூன்றடுக்கு மாளிகை. தடித்த சுவர்களும், வளைவுகளாகத் திறந்த முகப்பும், இரண்டடுக்கு உயரத்துக்கு நிமிர்ந்த கொலுமண்டபமும் வெயிலின் கடுமையைத் தணிப்பினும், அந்நோக்கத்துடனேயே அவ்வாறு கட்டினர் என்று துணிவதற்கில்லை. ஆங்கிலேயர் காலத்தில், சென்னை ராஜதானியின் பிற ஊர்களிற்போலவே, மர விட்டங்களின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மெட்ராஸ் டெரஸ் கூரை வழங்கிற்று.

உஷ்ணத்தை ஏற்று வேலை வாங்குவதற்குச் சான்று திருமலை. இங்கு 1985இல் தொடங்கிய நித்திய அன்னதானத்தின் சமையல், டீசல் கொதிகலன் தரும் நீராவியை நம்பியிருந்தது. அந்த டீசலோ மலைப்பாதையில் லாரி ஏறி வரவேண்டியிருந்தது. 2002இல், கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்தானம், குஜராத்தின் வல்சாட்டைச் சேர்ந்த காடியா நிறுவனத்தைக் கொண்டு, தலா 9.2 சதுர மீட்டர் பரப்புள்ள 106 கண்ணாடித் தட்டுகளைச் சமையற்கூட மாடியில் அமைத்தது. வுல்ஃப்காங் ஷெஃப்லர் வகுத்த இம்முறையில், தட்டு சூரியனைத் தொடர்ந்து சுழன்றாலும் கிரணங்கள் குவியும் இடம் பெயர்வதில்லை. அவ்விடத்து இரும்புக் கலத்தில் நீர் கொதித்து, ஆவியாகிக் குழாய்வழியே சோற்றுக்கும் சாம்பாருக்கும் போய்ச் சேர்ந்தது. சூரியன் வடக்கும் தெற்குமாக ஒதுங்குவதற்கேற்பத் தட்டின் வளைவையே சிறிது சிறிதாக நெகிழ்த்தவேண்டுமாதலால், ஆனிக்கு ஒரு வளைவு, மார்கழிக்கு வேறொன்று. பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்ட இவ்வியந்திரம் தலத்துக்குப் பொருத்தமானதே. 180 பாகை வெப்பத்தில் நாளொன்றுக்கு 4 டன் நீராவியும், அதனால் சுமார் 15,000 பேருக்கு இருவேளை உணவும், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,18,000 லிட்டர் டீசல் மிச்சமும் கிடைக்கும் என மதிப்பிட்டனர். இவை தெளிந்த வானத்துக்குரிய கணக்குகளாதலின், மேகம் கவிந்தால் பழைய கொதிகலனே துணையாயிற்று.

உலகிலேயே பெரிய சூரிய அடுக்களை என்று இது புகழப்பட்டது. 2009இல் ஷிர்டியில் 16 சதுர மீட்டர்த் தட்டுகள் 73 நிறுவப்பட்டபின், எண்ணிக்கையால் திருமலையும் கண்ணாடிப் பரப்பால் ஷிர்டியும் முந்துமாகையால், அப்பட்டம் எதற்குரியது என்பது அளக்கும் முறையைப் பொறுத்தது. ராஜஸ்தானத்து ஆபு மலையடிவாரத்தில் பிரம்மகுமாரிகள் அமைத்த அடுக்களை இரண்டுக்கும் முந்தியது.

2011இல் திருமலை அன்னதானம், தரிகொண்ட வெங்கமாம்பா என்னும் பெண்கவியின் பெயர்தாங்கிய புதிய வளாகத்துக்கு மாறியது.