லண்டன் வீட்டில் அரசாங்கத்தின் பங்கு: கடனை அடைக்க முன் எடுக்க வேண்டிய மதிப்பீடு

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உள்ள பல குடும்பங்களுக்கு லண்டனில் ஒரு பிள்ளையாவது, ஒரு சகோதரமாவது உண்டு. அவர்களில் 2013க்குப் பிறகு இங்கிலாந்தில் புதுவீடு வாங்கியவர்கள் சிலர் 'ஹெல்ப் டு பை' என்ற அரச பங்குக் கடனை எடுத்திருப்பார்கள். இப்போது அந்தக் கடனை அடைக்கும் பேச்சு பல வீடுகளில் எழுந்திருக்கிறது. "இங்கே இருக்கும் பிளாட்டை வித்து அனுப்பினால் என்ன?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இந்தக் கடனில் எவ்வளவு திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கடன் எடுத்த நாளில் எழுதிய தொகை அல்ல. அடைக்கும் நாளில் வீடு என்ன பெறுமதி என்று ஒரு மதிப்பீட்டாளர் எழுதும் அறிக்கைதான் அதைத் தீர்மானிக்கிறது. கொழும்பில் வங்கிக் கடன் எடுத்துப் பழகியவர்களுக்கு இது புதிய கணக்கு.

திட்டம் என்ன?

இங்கிலாந்தில் இந்தத் திட்டம் 2013 ஏப்ரலில் தொடங்கியது. புதிதாகக் கட்டிய வீடுகளுக்கு மட்டும் உரியது. வாங்குபவர் குறைந்தது 5 வீதம் முற்பணம் போட வேண்டும். வீட்டு விலையில் 20 வீதம் வரை அரசாங்கம் கொடுக்கும். லண்டனில் 2016 பெப்ரவரி முதல் இது 40 வீதம் வரை உயர்த்தப்பட்டது. மிச்சத்தை வங்கியில் ஈட்டுக் கடனாக எடுக்கலாம். 2021இல் இருந்து முதல் வீடு வாங்குபவர்களுக்கு மட்டும் என்று திட்டம் சுருக்கப்பட்டது. 2022 ஒக்டோபர் 31உடன் புதிய விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டு, 2023 மார்ச்சில் திட்டம் முடிந்தது. மூன்றரை இலட்சத்துக்கும் அதிகமான வீடுகள் இப்படி வாங்கப்பட்டன.

கடனுக்கு முதல் ஐந்து ஆண்டுகள் வட்டி இல்லை. மாதம் 1 பவுண் நிர்வாகக் கட்டணம் மட்டும். ஆறாம் ஆண்டில் 1.75 வீத வட்டி தொடங்கும். அதன்பிறகு ஒவ்வொரு ஆண்டும் பணவீக்கத்தை ஒட்டி அந்த வட்டி வீதமே ஏறும். 2021க்கு முந்திய கடன்களுக்கு சில்லறை விலைச் சுட்டெண்ணின் உயர்வுடன் 1 வீதமும், பிந்திய கடன்களுக்கு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் உயர்வுடன் 2 வீதமும் சேர்த்துக் கணக்கிடுவார்கள். கடைசியாக 2023இல் வாங்கியவர்களுக்கும் 2028இல் வட்டியில்லாக் காலம் முடிகிறது. இந்தப் பேச்சு இப்போது அதிகமாகக் கேட்பதற்கு அதுவே காரணம்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

ஒரு உதாரணம். 3 இலட்சம் பவுணுக்கு வாங்கிய வீடு. அரச பங்கு 20 வீதம், அதாவது 60,000 பவுண்.

வீடு இன்று 3 இலட்சத்து 60 ஆயிரம் பெறுமானால் திருப்பிக் கொடுக்க வேண்டியது 72,000 பவுண். விலை இறங்கி 2 இலட்சத்து 70 ஆயிரம் ஆகியிருந்தால் 54,000 பவுண் போதும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் அரசாங்கம் பங்காளி.

வட்டி மட்டும் வேறு கணக்கில் ஓடும். அது முதலில் எடுத்த 60,000 பவுணின் மீது கணக்கிடப்படும். 1.75 வீதம் என்றால் ஆண்டுக்கு 1,050 பவுண், மாதம் 87.50. அடுத்த ஆண்டு சுட்டெண் 5 வீதம் ஏறினால், பழைய கடன்களுக்கு வட்டி வீதம் 6 வீதத்தால் கூடி 1.855 ஆகும், ஆண்டுக்கு 1,113 பவுண். இந்தத் தொகையை எத்தனை ஆண்டு கட்டினாலும் முதலில் ஒரு சதமும் குறையாது. "மாதா மாதம் கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்று இருப்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

கடன் தானாக முடிவதில்லை. வீட்டை விற்கும்போது, வங்கி ஈட்டுக் கடன் முடியும்போது அல்லது கடன் காலம் முடியும்போது, எது முந்தியதோ அப்போது முழுவதையும் அடைக்க வேண்டும். காலம் வழமையாக 25 ஆண்டுகள். 2013இல் எடுத்தவர்களுக்கு அது 2038.

மதிப்பீடு: யார், எப்படி, எவ்வளவு காலம்?

வீட்டு முகவர் இலவசமாகச் சொல்லும் விலை இதற்குச் செல்லாது. இணையத்தில் தபால் குறியீட்டைப் போட்டால் வரும் விலையும் செல்லாது. தேவைப்படுவது ஆர்.ஐ.சி.எஸ். என்று அழைக்கப்படும் பட்டய மதிப்பீட்டாளர் நிறுவகத்தில் பதிவு பெற்ற ஒருவரின் அறிக்கை. அதற்கான அடிப்படை நிபந்தனைகள் இவை:

- மதிப்பீட்டாளர் சுயாதீனமானவராக இருக்க வேண்டும். வீட்டை விற்கும் முகவருடனோ வீட்டுக்காரருடனோ தொடர்புள்ளவராக இருக்கக் கூடாது.
- வீட்டுக்குள் வந்து பார்க்க வேண்டும். மேசையில் இருந்தபடி எழுதும் அறிக்கை போதாது.
- ஒப்பிடக்கூடிய குறைந்தது மூன்று வீடுகளின் விற்பனை விலையைக் காட்ட வேண்டும். அளவு, வயது, வகை ஒத்தவையாகவும், கூடியவரை 2 மைல் சுற்றளவுக்குள் உள்ளவையாகவும் இருக்க வேண்டும்.
- நிறுவனத்தின் கடிதத் தலைப்பில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும்.
- அறிக்கை மூன்று மாதங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்.

செலவு வீட்டுக்காரருடையது. கட்டணம் ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் மாறும் என்பதால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்பது நல்லது. கேட்கும்போதே "பங்குக் கடனை அடைப்பதற்கான மதிப்பீடு" என்று சொல்லிவிட வேண்டும். வங்கி ஈட்டுக்கு எடுக்கும் அறிக்கை இதற்கு ஏற்கப்படாமல் போகலாம்.

விலையைக் குறைத்து எழுதித் தரும்படி கேட்க முடியாது. கேட்டால் அவர் வேலையை ஏற்கமாட்டார். ஆனால் நியாயமான தகவலைக் கொடுப்பதில் தவறில்லை. அதே தெருவில் அண்மையில் விற்ற வீடுகளின் விலை இங்கிலாந்துக் காணிப் பதிவகத்தின் பகிரங்கப் பதிவில் கிடைக்கும். அவற்றைத் திரட்டிக் கொடுக்கலாம். கூரை ஒழுக்கு, சுவர் வெடிப்பு போன்ற குறைகளை மறைக்காமல் காட்டலாம். 20 வீதக் கடனில் மதிப்பீடு 10,000 பவுண் கூடினால் கையிலிருந்து போவது 2,000 பவுண். 40 வீதக் கடனில் அது 4,000.

புதுவீட்டுக்கு அது புதிது என்பதற்காகவே ஒரு கூடுதல் விலை இருக்கும். சில ஆண்டுகளில் அந்தக் கூடுதல் கரைந்துவிடும். எனவே மதிப்பீடு எதிர்பார்த்ததை விடக் குறைவாக வந்தால் ஆச்சரியமில்லை. கடனை அடைப்பவருக்கு அது இலாபம். வீட்டை விற்க நினைப்பவருக்கு நட்டம். தொடர்மாடியாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. 2017 ஜூனில் கிரென்ஃபெல் கோபுரத் தீவிபத்துக்குப் பிறகு, வெளிச்சுவர் உறைகளின் தீப்பாதுகாப்பைக் காட்டும் பத்திரத்தை வங்கிகள் கேட்கின்றன. அது இல்லாத கட்டடத்தில் விற்பனையும் மீள்கடனும் தடைப்படலாம். மதிப்பீட்டுக்குக் காசு கட்ட முன் கட்டட முகாமையாளரிடம் இதை விசாரிக்க வேண்டும்.

மூன்று மாதமும் வரிசையும்

அறிக்கை கைக்கு வந்ததும் உரிய படிவத்துடனும் கட்டணத்துடனும் கடனை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் கட்ட வேண்டிய தொகையை எழுத்தில் தருவார்கள். பணம் சட்டத்தரணி மூலம் போகும். பிறகு காணிப் பதிவகத்தில் வீட்டின் மீது அரசாங்கத்துக்கு இருக்கும் இரண்டாம் ஈடு நீக்கப்படும். இவை எல்லாம் அந்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். தவறினால் மதிப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டிவரும். அதற்குள் விலை ஏறியிருந்தால் கட்டும் தொகையும் ஏறும்.

மீள்கடன் எடுத்து அடைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. புதிய வங்கி தன் சொந்த மதிப்பீட்டைச் செய்யும். அது உங்கள் அறிக்கையை விடக் குறைந்தால் வங்கி தரும் பணம் போதாமல் போகலாம். அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியது உங்கள் அறிக்கையின்படியே இருக்கும்.

வீட்டை விற்று அடைப்பதானால், விற்ற விலை, மதிப்பீடு இரண்டில் எது கூடியதோ அதன் மீதே பங்கு கணக்கிடப்படும். உறவுக்காரருக்கு விலை குறைத்துக் கொடுத்து அரச பங்கையும் குறைக்கலாம் என்ற யோசனை சரிவராது.

முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட முடியாதவர்கள் பகுதியாகவும் கட்டலாம். அதற்கும் மதிப்பீடு வேண்டும். ஆகக் குறைந்தது எத்தனை வீதம் கட்ட வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் பார்த்து, நிர்வகிக்கும் நிறுவனத்திடம் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். இரண்டு முறை பகுதியாகக் கட்டினால் மதிப்பீட்டுச் செலவும் சட்டச் செலவும் இரண்டு முறை.

கொழும்பில் இருந்து பணம் போவதானால்

இங்கேதான் பல குடும்பங்கள் சிக்குகின்றன. லண்டன் சட்டத்தரணி பணத்தை வாங்க முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். பணச்சலவைத் தடைச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்துகிறது. "அம்மாவின் பிளாட்டை விற்றோம்" என்ற பதில் போதாது. விற்பனை உறுதி, வங்கிக் கூற்று, பணம் அனுப்பிய பதிவு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும்.

கொழும்பில் உறுதி எழுதும்போது முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக விலையைக் குறைத்துப் போடும் பழக்கம் நீண்ட நாளாக இருக்கிறது. முதல் ஒரு இலட்சம் ரூபாவுக்கு 3 வீதம், மிகுதிக்கு 4 வீதம் என்பதால் அந்த ஆசை வருகிறது. உறுதியில் ஒரு கோடி, கணக்கில் இரண்டரைக் கோடி என்று இருந்தால் மிச்சம் ஒன்றரைக் கோடி எங்கிருந்து வந்தது என்பதற்கு லண்டனில் பத்திரம் காட்ட முடியாது. தீர்வையில் மிச்சம் பிடித்த காசு கடைசியில் முழு அலுவலையும் தடுத்துவிடும். குறைத்துக் காட்டினால் இங்கேயும் தப்ப முடியாமல் போகலாம். அரச விலைமதிப்பீட்டுத் திணைக்களத்தின் மதிப்பீட்டைப் பெற்று மிகுதித் தீர்வையை அறவிட முடியும்.

உண்டியலில் அனுப்புவதும் இதே காரணத்தால் உதவாது. அது சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அந்தப் பணத்துக்குத் தடம் இல்லை என்பதால் எந்தச் சட்டத்தரணியும் அதை ஏற்கமாட்டார்.

வங்கி வழியாக அனுப்புவதை 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம் ஒழுங்குபடுத்துகிறது. விற்பவர் இங்கே வசிப்பவரா, குடிபெயர்ந்து போனவரா, அல்லது வெளிநாட்டிலிருந்து முதலீட்டுக் கணக்கு வழியாகப் பணம் கொண்டுவந்து வாங்கியவரா என்பதைப் பொறுத்து விதியும் உச்ச வரம்பும் மாறும். மூன்றாவது வகையினருக்குத்தான் விற்ற பணத்தைத் திருப்பிக் கொண்டுபோவது இலகு. 2020 ஏப்ரல் முதல் வெளிநோக்கிய பணமாற்றங்களுக்குத் தற்காலிகக் கட்டளைகள் மூலம் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டு, அவ்வப்போது திருத்தப்பட்டு வந்திருக்கின்றன. எனவே விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திட முன்னரே, இன்றைய வரம்பு என்ன என்பதைத் தமது வங்கியின் வெளிநாட்டுச் செலாவணிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விற்ற பிறகு கேட்டால் பணம் ரூபாவாகவே இங்கே கிடக்கும்.

இங்குள்ள சொத்துக்கும் மதிப்பீடு

கொட்டாஞ்சேனையின் பழைய தனிவீடு பெரும்பாலும் காணியின் பேர்ச் கணக்கில் விலை பேசப்படும். வெள்ளவத்தைத் தொடர்மாடி சதுர அடிக் கணக்கில். தொடர்மாடியில் கூட்டாதன வரைபடம் பதிவாகியிருக்கிறதா, மாநகர சபையின் இசைவுச் சான்றிதழ் இருக்கிறதா, சோலைவரி நிலுவை உண்டா என்பவை விலையை நேரடியாகப் பாதிக்கும். பத்திரம் குறைந்த மனைக்கு வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். அப்போது கையில் காசுள்ளவர் மட்டுமே வாங்க வருவார்; அவர் விலையைக் குறைத்தே கேட்பார்.

வங்கியின் மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டு தொகை இருக்கும்: சந்தைப் பெறுமதி, கட்டாய விற்பனைப் பெறுமதி. இரண்டாவது எப்போதும் குறைவு. அதைப் பார்த்து விற்பனை விலையைத் தீர்மானிக்கக் கூடாது.

மூலதன ஆதாய வரியையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் இது 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. 2017 செப்டெம்பர் 30இல் ஏற்கெனவே கையில் இருந்த சொத்தாயின் அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்க விலையாகக் கொள்ளப்படும். எண்பதுகளில் வாங்கிய வீட்டுக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்தத் திகதிக்குரிய மதிப்பீட்டு அறிக்கை தேவை. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து உடைமையில் இருந்து, அதில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் விற்பவர் தாமே வசித்த பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு. வாடகைக்கு விட்ட பிளாட்டுக்கு அது கிடையாது.

எதை முதலில் செய்வது?

முதலில் கொழும்பு வங்கியில், எவ்வளவு அனுப்ப முடியும் என்று கேளுங்கள். அடுத்து வரியையும் முகவர் கூலியையும் கழித்து மிஞ்சுவதைப் பவுணில் பாருங்கள். மூன்றாவதாக, லண்டனில் உள்ளவர் அங்குள்ள அண்மைய விற்பனை விலைகளை வைத்துக் கட்ட வேண்டிய தொகையை உத்தேசமாகப் போடட்டும். அந்தக் கடனின் உண்மைச் செலவு வட்டியும் வீட்டு விலை ஏற்றமும் சேர்ந்தது. அங்கே விலை அசையாமல் நிற்கிறது, வட்டியும் இன்னும் 2 வீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது என்றால், வயதான பெற்றோர் குடியிருக்கும் வீட்டை அவசரமாக விற்று அதை அடைப்பதற்குக் காரணம் இல்லை. விலை வேகமாக ஏறுகிறது என்றால் தாமதிக்கும் ஒவ்வொரு ஆண்டும் அரச பங்கின் தொகை கூடும்.

மதிப்பீட்டாளரை அழைப்பது கடைசி. பணம் லண்டன் கணக்குக்கு வந்து சேர்ந்த பிறகு, அல்லது மீள்கடன் கொள்கையளவில் உறுதியான பிறகு மட்டும் அழையுங்கள். மூன்று மாத அவகாசம் அவர் எழுதிய நாளிலிருந்து குறையத் தொடங்கும். கொழும்பில் ஒரு காணி உறுதியைத் தேடி, எழுதி, பதிந்து முடிக்கவே சில வேளைகளில் அதைவிடக் கூடிய காலம் எடுக்கிறது.