நயினாதீவு அம்மனும் கப்பல்காரங்களுக்கான கல்வெட்டும்



ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு போகணும்னு ஃபேரர் பார்க் வட்டாரத்துல நிறைய பேர் கேட்கறீங்க. நாங்க தொண்டூழியர்கள் சிலர் குடும்பத்தோட போயிட்டு வந்தோம். அந்த மண்ணோட கதையைத் தெரிஞ்சுக்கிட்டுப் போனா தரிசனம் இன்னும் மனசுல நிக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியா குறிகட்டுவான் துறைக்கு பஸ். வழியெல்லாம் பனைமரம், ஆழமில்லாத கடல், கொக்கு, நாரை. அங்கிருந்து படகில் சுமார் 20 நிமிஷம்.

தினமும் பூ எடுத்துக்கிட்டு அம்மனைத் தேடி கடலில் நீந்தி வந்த நாகத்தை ஒரு நாள் கருடன் மறிச்சதாம். அவ்வழியே கப்பலில் வந்த வணிகர் நாகத்தைக் காப்பாத்தினார், அவரே அம்மனுக்குக் கோயில் எழுப்பினார்னு தல வரலாறு. போர்த்துக்கீசர் காலத்தில் கோயில் இடிக்கப்பட்டது. 1788-ல் மறுபடி எழும்பியது.

நாங்க ரொம்ப நேரம் பேசிக்கிட்டது அங்கே உள்ள கல்வெட்டைப் பற்றித்தான். பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12-ஆம் நூற்றாண்டில் வெட்டியது. அவர் சிங்கள அரசர், பௌத்தர். ஆனா கல்வெட்டு தமிழில் இருக்கு. ஊர்காவற்றுறையில் வந்து இறங்கும் வெளிநாட்டு வணிகருக்குப் பாதுகாப்பு கொடுக்கணும்னு சொல்லுது. யானை, குதிரை ஏற்றி வந்த கப்பல் உடைஞ்சா கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உரிமையாளருக்கு. வணிகச் சரக்குக் கப்பல்னா பாதிக்குப் பாதி.

எங்களில் பல பேர் தொழிற்சாலை, கிடங்கு, துறைமுக வேலைக்காரங்க. உடைஞ்ச கப்பலில் எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன்னு சொல்லாம கணக்கு வச்ச அரசரை நினைச்சா மரியாதை வருது. நம்ம தாத்தா பாட்டியும் நாகப்பட்டினத்திலிருந்து ரஜுலா மாதிரி கப்பல்களில் வந்தவங்கதானே. தெரியாத துறையில் இறங்கறவனுக்கு ஒரு நியாயம் வேணும்.

நடந்து போற தூரத்திலேயே நாகதீப பௌத்த விகாரை. ஒரே படகில் ரெண்டு சாராரும் பூத்தட்டோட வர்றாங்க. நடுவில் போர் நடந்த நாட்டில் இதைப் பார்த்தது எங்களுக்குப் பெரிய விஷயம்.

இன்னொரு நாள் இருந்தா நெடுந்தீவு போங்க. பவளக்கல் வேலிகள், பழைய பெருக்கு மரம், வெட்டவெளியில் மேயும் காட்டுக் குதிரைகள்.

ஒரு வேண்டுகோள். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போகணும். தீவுகளில் நல்ல தண்ணீர் அரிது, வீணாக்காதீங்க. பிளாஸ்டிக் பாட்டிலை அங்கே போடாம திரும்ப எடுத்து வந்துடுங்க. தரிசனம் முடிஞ்சதும் படகுக்கு ஓடாம, கல்வெட்டு எங்கேன்னு கேட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டுங்க.

நாகபூஷணி அம்மன் துணை 🙏