மூன்று வரிச் செய்தியும் இந்திரலால் ராயும்

"பயிற்சி விமானம் தரையிறங்குகையில் விபத்து, மாணவ விமானி காயம்." பத்திரிகையின் உட்பக்கத்தில் இத்தகைய செய்திக்கு மூன்று வரிகளுக்கு மேல் நாங்கள் இடம் ஒதுக்கியதாக நினைவில்லை. காயப்பட்டவர் பின்னர் என்ன ஆனார் என்று தேடிச் சென்றதுமில்லை. இந்திரலால் ராயின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் குறை என்னை உறுத்தும்.

1898 டிசெம்பர் 2ஆம் திகதி கல்கத்தாவில் பிறந்த ராய், இலண்டனிலுள்ள சென். போல்ஸ் பாடசாலையில் கற்றவர். 1917 யூலையில், பதினெட்டு வயதில், பிரித்தானிய அரச பறக்கும் படையில் அதிகாரியானார். இந்தியருக்கு அத்தகைய நியமனம் மிக அரிதாகவே கிட்டிய காலம் அது. ஒக்டோபர் இறுதியில் பிரான்சிலிருந்த 56ஆவது படையணியில் சேர்ந்தார். ஒரு வாரம் சென்றதும், நவம்பர் 6ஆம் திகதி, பயிற்சியின்போது அவரது எஸ்.ஈ.5ஏ விமானம் வீழ்ந்து நொறுங்கியது.

அது ஒற்றை இருக்கை விமானம். ஆசிரியர் உடன் அமர இடமில்லை. தரையிறங்கும் வேளையில் உயரத்தைக் கண்ணளவால் கணித்து வேகத்தைத் தணிக்க வேண்டும். வேகம் மிகவும் குறைந்தால் சிறகுகள் தாங்கும் வலுவை இழந்துவிடும். போதிய அளவு குறையாவிட்டால் சக்கரங்கள் தரையில் பட்டுத் துள்ளும். சில மணிநேரப் பயிற்சியுடனேயே பல மாணவர்கள் தனியே அனுப்பப்பட்டனர். அதே 1917இல் கொஸ்போர்ட்டில் ரொபர்ட் ஸ்மித்-பரி என்ற அதிகாரி இம்முறையை மாற்றினார். இரட்டை இருக்கை கொண்ட அவ்ரோ 504 விமானத்தில் பேச்சுக்குழாய் வழியே ஆசிரியர் வழிகாட்ட, மாணவர் ஆபத்தான நிலைக்குள் வேண்டுமென்றே சென்று மீளப் பழகினர்.

விபத்துக்குள்ளான ராயை இறந்தவரெனக் கருதிப் பிணவறையில் கிடத்தினர் என்றும், நினைவு திரும்பி அவர் கதவைத் தட்டினார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், உடல் தேறிய மாதங்களில் அவர் விமானங்களையே வரைந்துகொண்டிருந்தார் என்பது உண்மை. அச்சித்திரங்கள் பல இன்றும் எஞ்சியுள்ளன.

1918 யூனில் 40ஆவது படையணியில் சேர்ந்தார். யூலை 6 முதல் 19 வரையான இரு வாரங்களில் பத்து வான்வெற்றிகள் அவர் பெயரில் பதிவாயின. யூலை 22ஆம் திகதி கார்வின் நகருக்கு மேலே நடந்த வான்சமரில் அவர் மாண்டார். அப்போது வயது பத்தொன்பது. மேன்மைமிகு பறத்தல் சிலுவை விருது அவர் மறைந்த பின்னரே அறிவிக்கப்பட்டது.

தன் நாட்டை ஆண்ட பேரரசுக்காக உயிர்கொடுத்தவரை வீரரென்று கொண்டாடுவதா, காலனியத்தின் பலியென்று இரங்குவதா என்ற கேள்விக்கு என்னிடம் எளிய விடையில்லை. ஆனால், நவம்பர் 6ஆம் திகதிச் செய்தியோடு அவரை மறந்திருந்தால் அந்தக் கேள்வியே எழுந்திராது. பிரான்சின் எஸ்தெவெல் கிராமத்தில் உள்ள அவரது கல்லறையில் வங்காள மொழியிலும் வாசகம் பொறிக்கப்பட்டுள்ளது. அந்த மண்ணில் அதை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?