முழங்கால் மூட்டு

முழங்கால் மூட்டு என்பது தொடையெலும்பும் கணைக்கால் உள்ளெலும்பும் சந்திக்கும் இடத்தில் அமைந்துள்ள மூட்டு ஆகும். மனித உடலின் மூட்டுகளுள் இதுவே மிகப் பெரியது. நடத்தல், படியேறுதல், சம்மணமிட்டு அமர்தல் போன்ற செயல்கள் இதனைச் சார்ந்தவை. இம்மூட்டின் காயங்களுக்கும் தேய்வுக்கும் சிகிச்சை அளிப்பவர் எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஆவார்.

அமைப்பு

முழங்கால் மூட்டின் முதன்மையான பகுதிகள்:

* எலும்புகள்: தொடையெலும்பு, கணைக்கால் உள்ளெலும்பு, முன்புறமுள்ள முழங்கால் சில்லு ஆகிய மூன்று. கணைக்கால் வெளியெலும்பு இம்மூட்டில் நேரடியாகப் பங்கேற்பதில்லை.
* குருத்தெலும்பு: எலும்பு முனைகளை மூடியுள்ள வழுவழுப்பான படலம்.
* பிறை வடிவத் தகடுகள்: இரு எலும்புகளுக்கும் இடையே அதிர்ச்சியைத் தாங்கி, எடையைப் பரப்பும் இரண்டு குருத்தெலும்புத் தகடுகள்.
* இணைப்பு நார்கள்: எலும்புகளைப் பிணைப்பவை. மூட்டின் நடுவே குறுக்காக அமைந்த இரண்டும் சிலுவை நார்கள் எனப்படும். பக்கத்திற்கு ஒன்றாக மேலும் இரண்டு உள்ளன.
* மூட்டுறை: உயவு நீர்மத்தைச் சுரக்கும் உட்படலத்தைக் கொண்டது.

தேய்வு

குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களோ நரம்புகளோ இல்லை. உயவு நீர்மத்திலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. நரம்பு இல்லாமையால் தேய்வு தொடங்கும்போது வலி தெரிவதில்லை. இரத்த ஓட்டம் இல்லாமையால் இழந்த பகுதி முன்பிருந்தவாறு மீண்டும் வளர்வதில்லை. எனவே இருக்கும் குருத்தெலும்பைக் காப்பதே சிகிச்சையின் முதல் நோக்கமாகும்.

மருத்துவரின் பணி

மருத்துவர் முதலில் நோயாளியின் நடையைக் கவனிக்கிறார். பின்னர் வீக்கம், மடங்கும் அளவு, நார்களின் உறுதி ஆகியவற்றைக் கைகளால் சோதிக்கிறார். நின்ற நிலையில் எடுக்கப்படும் எக்சு-கதிர்ப் படம் எலும்புகளுக்கு இடையிலான இடைவெளியைக் காட்டும். நார், தகடு ஆகியவற்றின் கிழிசலை அறிய எம்.ஆர்.ஐ. உதவுகிறது.

முழங்கால் வலியுள்ள அனைவருக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. தேய்வு நோயில் எடைக் குறைப்பும், தொடையின் முன்புறத் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் அடிப்படைச் சிகிச்சைகள் ஆகும். நடக்கும்போது முழங்காலில் உடல் எடையைப் போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட சுமை விழுவதால், சிறிதளவு எடை குறைந்தாலும் பயன் உண்டு.

பிறைத் தகட்டின் வெளி விளிம்பில் இரத்த ஓட்டம் உள்ளதால், அங்கு ஏற்படும் கிழிசலைப் பெரும்பாலும் தைக்க இயலும். இதற்குச் சிறு துளை வழியே மூட்டு அகநோக்கி செலுத்தப்படுகிறது.

மூட்டு மாற்று அறுவை

பிற வழிகள் பயன்தராதபோது தேய்ந்த பரப்புகள் சில மில்லிமீட்டர் அளவிற்குச் சீவப்பட்டு, உலோக உறைகளும் அவற்றின் இடையே பாலிஎத்திலீன் தகடும் பொருத்தப்படுகின்றன. எனவே இது மூட்டு முழுவதையும் எடுத்துவிடும் அறுவை அன்று; மேற்பரப்பை மாற்றும் அறுவையே ஆகும். 2019-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, முழுமையான முழங்கால் மாற்றுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைத்தன. நோய்த்தொற்று, இரத்தக் கட்டி, பொருத்தியது தளர்தல் ஆகியவை இதன் இடர்கள்.

2017 ஆகஸ்ட் மாதத்தில் இந்திய அரசின் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால்களுக்கு உச்ச விலையை அறிவித்தது. பெரிதும் பயன்படும் கோபால்ட்-குரோமியம் வகையின் விலை சராசரியாக 1,58,324 ரூபாயிலிருந்து வரி நீங்கலாக 54,720 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

சென்னையின் மேற்குப் புறநகரில்

அம்பத்தூர், ஆவடி வழியாகச் செல்லும் சி.டி.எச். சாலை, திருவள்ளூர், திருத்தணி ஆகியவற்றைக் கடந்து ஆந்திரப் பிரதேசத்தின் புத்தூர் வரை நீள்கிறது. பச்சிலை, முட்டை வெள்ளைக்கரு, துணி, மூங்கில் பட்டை ஆகியவற்றைக் கொண்டு எலும்பு முறிவுக்குப் போடப்படும் "புத்தூர் கட்டு" இவ்வூரின் பெயரால் அறியப்படுகிறது. பூந்தமல்லியிலிருந்து கிழக்கே செல்லும் நெடுஞ்சாலையிலோ கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், சென்னை சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனையும் உள்ளன. தொழிற்சாலைகளும் கனரக ஊர்திகளும் மிகுந்த இப்பகுதியில் காயமுற்றவரை எங்கே கொண்டுசெல்வது என்ற முடிவைப் பெரும்பாலும் உடனிருப்போரே எடுக்க நேர்கிறது.

எலும்பின் நடுப்பகுதியில் விலகாமல் ஏற்படும் எளிய முறிவு, அசையாமல் வைத்தால் பெரும்பாலும் கூடிவிடும். மூட்டுப் பரப்பின் ஊடாகச் செல்லும் முறிவு அத்தகையதன்று. அங்குச் சில மில்லிமீட்டர் படி விழுந்தாலும் குருத்தெலும்பு விரைந்து தேயக்கூடும். முழங்கால் முற்றிலும் விலகினால் அதன் பின்புறமுள்ள தமனி கிழியலாம். ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்குள் இரத்த ஓட்டம் சீராக்கப்படாவிடில் காலையே இழக்க நேரிடலாம்.

எந்த முறையில் கட்டுப் போடப்பட்டிருந்தாலும் கால்விரல்கள் குளிர்தல், நிறம் மாறுதல், மரத்துப் போதல், வலி ஏறிக்கொண்டே போதல் ஆகியவை கட்டு இறுகியதன் அறிகுறிகளாக இருக்கலாம். இந்நிலையில் கட்டைத் தளர்த்தி உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* குருத்தெலும்பு
* தொடையெலும்பு
* எலும்பு முறிவு